புகை எங்கே போகிறது?

நம் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் கொட்டுவது தவறென்பதை நாம் அறிவோம். அதையே காற்று சுமந்து சென்று, நாம் கண்டிராத ஓர் ஊரில் கொட்டுமாயின் அத்தவறு நீங்கிவிடுமா?

நிலக்கரியில் உள்ள கந்தகம், எரியும்போது கந்தக டைஆக்சைடு வாயுவாகிப் புகையோடு கலக்கிறது. அதனைச் சமாளிக்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று, புகைபோக்கியை உயர்த்துவது. கனடாவின் சட்பரி நகரில் நிக்கல் உருக்காலைக்கு 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி எழுப்பப்பட்டது. நகரின் காற்று தெளிந்தது. கந்தகமோ தொலைவில் போய் இறங்கியது. பிரிட்டன் முதலிய தொழில்நாடுகளின் புகையும் அவ்வாறே சுவீடன், நார்வே ஏரிகளில் அமில மழையாய் விழுந்து மீன்களை மாய்த்தது.

மற்றொரு வழி, புகையைக் கழுவுவது. சுண்ணாம்புக்கல் பொடி கலந்த நீரைப் புகையின்மீது தெளித்தால், வாயுவின் பெரும்பகுதி அதில் பிடிபட்டு ஜிப்சமாக மாறுகிறது. அந்த ஜிப்சம் சிமெண்டுக்கும் சுவர்ப்பலகைக்கும் பயன்படுகிறது.

கழுவுதலும் முற்றிலும் குறையற்றதன்று. 1930களில் இலண்டன் பாட்டர்சீ மின்நிலையத்தின் புகையைக் கழுவிய நீர், தேம்ஸ் ஆற்றிலேயே விடப்பட்டது. இன்றைய முறையிலும் மலை வெட்டப்படுகிறது, மின்சாரம் செலவாகிறது, சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உயர்ந்த புகைபோக்கி, சுமையை முகமறியாதவர் தோளுக்கு மாற்றுகிறது. கழுவுதலோ, அதன் பெரும்பகுதியை உண்டாக்கியவரையே ஏற்கச் செய்கிறது.

இந்தியாவில் அனல் மின்நிலையங்களுக்குக் கந்தக வாயு வரம்பு 2015 டிசம்பரில் விதிக்கப்பட்டது. இரண்டாண்டுக் கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்திற்கோ, பத்து இலட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகருக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் கட்டாயம் நீடிக்கிறது. மாசு மிகுந்த பகுதிகளில் உள்ளவை தனித்தனியே ஆராயப்படும்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பதும், கருவிச் செலவு மின்கட்டணத்தில் ஏறும் என்பதும் புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஆனால் அவ்வாயு வானில் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்கிறது. பத்து கிலோமீட்டர்க் கோடு நிலப்படத்தில் உண்டு, காற்றில் இல்லை. செலவைப் பகிர்வதற்கோ வழியுண்டு: மிகுதியாக மின்சாரம் நுகர்வோர் மிகுதியாகத் தரலாம். சிற்றூரில் வாழும் குழந்தையின் நுரையீரல் அச்செலவை ஏற்பதை எந்த நீதி ஒப்பும்?

நம் அயலார் யார் என்னும் பழைய வினாவுக்குத் தூரத்தை அளந்து விடை கூற முடியாது. நம் புகை சென்று சேரும் இடமெல்லாம் நம் அயலாரே வாழ்கின்றனர்.