கல்லறையில் துக்கம், வீதியில் ஊர்வலம்

1943 பிப்ரவரியில் ஹிட்லரின் ஆணைப்படி உருவான லாட்வியப் படையணிக்குத் 'தன்னார்வப் படை' என்று பெயர். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டாயத்தின் பேரில் சேர்க்கப்பட்ட இளைஞர்கள். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் மக்களை, ஆக்கிரமித்த நாட்டுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று 1907 ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. லாட்வியாவை ஆக்கிரமித்திருந்த ஜெர்மனிக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டதன் காரணம் இதுதான். அவர்கள் அணிந்த நாஜி எஸ்எஸ் சீருடையின் கையில் 'லாட்வியா' என்று பொறித்த சிவப்பு வெள்ளைக் கேடயம். எடுத்த உறுதிமொழியோ ஹிட்லருக்குக் கீழ்ப்படிவதாக. 6ஆவது எஸ்எஸ் கோரில் இருந்த 19ஆவது டிவிஷன் 1945 மே மாதம் சரணடையும் வரை மேற்கு லாட்வியாவின் கூர்லாந்தில் போரிட்டது. எதிரே சோவியத் செம்படையின் 130ஆவது லாட்வியக் கோர். இரு பக்கமும் செத்தது லாட்வியப் பிள்ளைகள்.

இவர்களைக் குற்றவாளிகள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடக் கூடாது. எஸ்எஸ் அமைப்பைக் குற்ற அமைப்பு என்று அறிவித்த நியூரம்பர்க் தீர்ப்பே, வேறு வழியின்றிச் சேர்க்கப்பட்டு, குற்றம் எதுவும் செய்யாதவர்களுக்கு விலக்கு அளித்தது. அது நியாயம். ஆனால் ஒருவன் குற்றமற்றவன் என்பதால் அவன் அணிந்த சீருடை பெருமைக்குரியதாகிவிடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

யூதப் படுகொலையின் பெரும்பகுதி படையணி பிறக்கும் முன்பே முடிந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் தலைநகர் ரீகா அருகே ரும்புலா காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள், குளிரில் உடைகளைக் களைய வைக்கப்பட்டு, குழிகளுக்குள் சுடப்பட்டார்கள். ஆனால் யூதர்களைக் கொன்று குவித்த ஆராய்ஸ் படைப்பிரிவின் ஆட்கள் பலர் பின்னாளில் இதே படையணிக்குள் வந்து சேர்ந்தார்கள். கட்டாயத்தால் வந்தவனும் கொலைகாரனும் ஒரே சீருடையில் நின்றார்கள்.

படையணியினர் எதிர்த்தது சோவியத் ஆட்சியை அல்லவா என்ற கேள்வி வலுவானது. 1941 ஜூன் 14 அன்று லாட்வியாவிலிருந்து சுமார் 15,000 பேரைக் குடும்பம் குடும்பமாகச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பிய ஆட்சி அது. அந்தத் துயரத்தைச் சிறிதும் குறைத்துப் பேச முடியாது. அந்த ரயில்களில் லாட்விய யூதர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதோடு, ஆக்கிரமிப்புக் காலத்தில் லாட்வியாவின் சுதந்திரத்தை ஜெர்மனி ஒருநாளும் ஏற்கவில்லை. அந்தப் படை வென்றிருந்தால் வென்றிருப்பது ஹிட்லரின் ஆட்சியே.

எனவே படையணியினர் புதைக்கப்பட்ட லெஸ்டெனே கல்லறையில் இறந்தவனுக்காக ஒரு குடும்பம் அழுவதை யாரும் தடுக்கக் கூடாது. மார்ச் 16 அன்று ரீகா வீதியில் படையணிக்காக நடக்கும் ஊர்வலம் வேறு. 1998இல் அந்த நாளை அரசு நினைவுநாளாக்கியது தவறு; 2000இல் அதை நீக்கியது சரி. பெருமைப்பட ஒருவர் வேண்டுமென்றால் அதே ரீகாவில், அதே ஆக்கிரமிப்பின் கீழ், ஷானிஸ் லிப்கே என்ற துறைமுகத் தொழிலாளி இருந்தார். தன் விறகுக் கொட்டகையின் அடியில் பதுங்குகுழி தோண்டிய அவரும் அவர் மனைவியும் 50க்கும் மேற்பட்ட யூதர்களைக் காப்பாற்றினார்கள்.