பீப்பாயின் அடியில் ஒரு திறப்பு

திங்கட்கிழமைகளில் எங்கள் ரெஸ்ரோரன்ற் பூட்டு. மாதத்தில் ஒரு திங்கள் பின்னேரம் அறையிலிருக்கும் நாங்கள் மூவரும் ஐந்து போத்தல் சிவப்பு வைன் வாங்கி வருவோம். ஒவ்வொன்றையும் பழைய சொக்ஸ் ஒன்றுக்குள் (தோய்த்த சொக்ஸ்தான்) கழுத்துவரை நுழைத்து, எது எதுவென்று தெரியாதபடி மாற்றி வைத்துக் குடித்துப் பார்ப்போம். நாலு யூரோவுக்கும் ஏழு யூரோவுக்கும் இடைப்பட்ட போத்தல்கள். விழுங்குவது குறைவு, வாளிக்குள் துப்புவதுதான் கூட. எங்கள் ஆட்களில் குடித்தே அழிந்தவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே அதைப்பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதைக் கேள்விப்பட்ட ஊரவர் ஒருவர், "கோப்பை கழுவுறவைக்கு இதென்ன துரைமார் விளையாட்டு?" என்று சிரித்தார். சிரிப்பு எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. ஐந்து யூரோவுக்கு மேல் கொடுக்க வசதியில்லாதவன் ஐந்து யூரோ வைனை 'நல்லது' என்று சொன்னால் அது தீர்ப்பா, அல்லது தன்னைத்தானே தேற்றிக்கொள்வதா? எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரி, கையில் அகப்பட்ட பழத்தை இனிக்கும் என்று சொல்லாதா?

நாக்கிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சுக்காரரின் வைன் புத்தகங்களில் துவர்ப்பு ஒரு சுவையே அல்ல, வாய்க்குள் ஏற்படும் ஒரு தொடுவுணர்வு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் தனின், உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கு வறள்கிறது என்பார்கள். நாங்களோ அதை அறுசுவையில் ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலேயே மனனம் செய்தவர்கள். நாவற்பழம் தின்று ஊதா நாக்கை நீட்டிக் காட்டியவர்கள். கஹோர் பகுதி மல்பெக்கை முதன்முதல் வாயில் வைத்தபோது எங்களுக்கு வந்தது புத்தகத்திலுள்ள எந்தச் சொல்லும் அல்ல. பால் விடாமல் கன நேரம் ஊறவிட்ட தேத்தண்ணியும் நாவற்பழமும்தான் வந்தன. அவர்கள் 'வயலட் பூ' என்று எழுதுகிறார்கள். அந்தப் பூவை நாங்கள் மணந்ததில்லை. அவர்கள் நாவற்பழம் தின்றதில்லை. யாருடைய சொல் சரி?

கடைசியாகச் செய்த சோதனையில் ஐந்தும் ஐந்து விதம். லுவார் பக்கத்துச் சினோன், கபர்னே பிராங் திராட்சை: பச்சைக் குடமிளகாயை வெட்டின மணம். பொஜொலே, கமே திராட்சை: வாழைப்பழ வாடை. குலையை நசுக்காமல் முழுசாகக் கரியமில வாயுவுக்குள் நொதிக்க விடுவதும் அந்த மணத்துக்கு ஒரு காரணம். (இந்தக் கமேயைத்தான் 1395இல் பர்கண்டிக் கோமகன் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொன்னான். திராட்சைக்கும் நாடுகடத்தல் இருக்கிறது.) கோத்-து-ரோனில் கிரெனாஷும் சிராவும் கலந்திருந்தன. மிளகு மணம் என்று சொல்லிவிட்டு எங்களுக்கே சந்தேகம். ஆனால் மிளகுக்கு மணம் கொடுக்கும் அதே பொருள்தான் சிராவிலும் இருக்கிறதென்று 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். போர்தோ மெலிந்து கிடந்தது. பேர் பெரிது, வாயில் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு வனிலா வாடை மட்டும் பலகை அடித்ததுபோல நின்றது. கொர்பியேர்தான் எங்கள் மூவருக்கும் முதலாவது. கறினியான் கலந்தது. கரடுமுரடு, வெயில், காய்ந்த மூலிகை. நாலு யூரோ எண்பது சதம்.

அந்த விலை எப்படி வருகிறது என்றும் யோசித்தோம். நாலு எண்பதில் எண்பது சதம் பெறுமதிசேர் வரி. பிறகு போத்தல், தக்கை, லேபிள், லொறி, கடைக்காரன். மிச்சம்தான் கொடிக்கும் அதை வெட்டுகிற கைக்கும். அந்தத் தெற்குப் பகுதியில்தான் 1907இல் விலை விழுந்து, சீனி கலந்த போலி வைனுக்கு எதிராக லட்சக்கணக்கான மக்கள் தெருவில் இறங்கினார்கள். நார்போனில் இராணுவம் சுட்டது. 2024இல் ஒரு ஹெக்டேர் கொடியை நிரந்தரமாகப் பிடுங்கினால் 4000 யூரோ என்று அரசாங்கம் அறிவித்தது. மலிவு என்பது யாரோ ஒருவரின் கணக்கில் ஏறியிருக்கிற செலவு. இதை அறிந்த பிறகும் கொர்பியேர் ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எங்களுக்கு ஒரு பிரச்சினை.

சரி, விலை கூடியதைக் குடிப்பவர்களின் நாக்காவது சுதந்திரமானதா? 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு. போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரே வைனை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடச் சொன்னதே திறம் என்றார்கள். 1976 மே 24இல் பாரிஸில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்துக் குடித்துப் பார்த்து, கலிபோர்னியாவின் 1973ஆம் ஆண்டுச் சிவப்பு வைன் ஒன்றை போர்தோவின் பெருந்தலைகளுக்கு மேலே வைத்துவிட்டார்கள். முடிவு தெரிந்ததும் ஒரு நடுவர் தன் புள்ளித்தாளைத் திருப்பித் தரும்படி கேட்டாராம். ஆக, எட்டாததைப் புளிக்கும் என்கிற நரியும் உண்டு. காசு கொடுத்த காரணத்தாலேயே இனிக்கும் என்கிற நரியும் உண்டு.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து, 2008இல் இரண்டாம் வருடத்தோடு விட்டு ஓடி வந்தவர். அந்த அரைகுறைப் படிப்பில் மிஞ்சியது ஹியூம் 1757இல் எழுதிய ருசி பற்றிய கட்டுரை. அதில் டொன் கிஹோத்தேயிலிருந்து ஒரு கதை வருகிறது. சாஞ்சோவின் சொந்தக்காரர் இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் வைனைப் பற்றி அபிப்பிராயம் கேட்கிறார்கள். ஒருவர், நல்லது, ஆனால் இலேசாகத் தோல் ருசி என்கிறார். மற்றவர், நல்லது, ஆனால் இரும்பு ருசி என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய திறப்பு கிடக்கிறது.

நல்ல நடுவருக்கு நுண்ணிய புலன் வேண்டும், பயிற்சி வேண்டும், ஒப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும், பக்கச்சார்பு கூடாது என்று ஹியூம் சொல்கிறார். (இதே மனிதர்தான் 1753இல் சேர்த்த ஓர் அடிக்குறிப்பில் வெள்ளையரல்லாதோர் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று எழுதியவர். பக்கச்சார்பின்மை பற்றி அவரிடம் கேட்க வேண்டியிருப்பதும் ஒரு கொடுமை.) இந்தப் பட்டியலில் ஒன்று குறைகிறது என்று எங்களுக்குத் தெரியவந்தது புத்தகத்தால் அல்ல, குசினியால்.

அப்போது நாங்கள் மூவரும் வேறொரு ரெஸ்ரோரன்றில் வேலை. ஒரு மாரி இரவு வயதான பெண்ணொருவர் 48 யூரோ போத்தலைத் தக்கை பழுதென்று திருப்பினார். பத்ரோன் மணந்து பார்த்தார். ஒன்றுமில்லை, மூடியிருந்த வைன் காற்றுப்பட்டதும் இப்படித்தான் இருக்கும் என்று பணிவாகச் சொன்னார். பிறகு போத்தலைக் குசினிக்குக் கொண்டுவந்து, பகிடியாகவோ என்னவோ, "நீங்கள் மணந்து சொல்லுங்கோ, ஏதும் பழுதோ?" என்று எங்களிடம் நீட்டினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதுமே தெரிந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கு. ஒரு லீற்றரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், அந்தக் கெடுதி வைனைக் கொன்றுவிடும். மூன்று பேருக்கும் மணந்தது. மூன்று பேரும் "இல்லை மிசியே" என்றோம்.

எங்களில் ஒருவருக்கு அப்போது காட் இல்லை. பிரிபெக்சருக்குக் கொடுக்கவேண்டிய வேலைப் பத்திரம் பத்ரோனின் கையொப்பத்துக்காக மேசையில் காத்துக்கிடந்தது. வேறு காரணம் தேவையா?

அந்தப் பெண் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது சேர்வரிடம், தனக்கு வயது போய்விட்டது, மூக்கு முந்தியைப்போல இல்லை என்று சொன்னாராம். காசைப் பற்றி நாங்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். சரியாக மணந்த ஒரு மூக்கை அதன் சொந்தக்காரியே சந்தேகிக்கும்படி செய்துவிட்டோம். பீப்பாய்க்குள் திறப்புக் கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கக் கூடியவர்கள் நாங்கள். மூடியைப் போட்டுவிட்டோம். பயமில்லாமல் வாய் திறக்க முடியாதவனிடம் நுண்ணிய புலன் இருந்தென்ன, பயிற்சி இருந்தென்ன?

இதைப்பற்றி இன்றைக்கும் அறையில் சண்டை. ஒருவரின் 48 யூரோவும் இன்னொருவரின் வாழ்க்கையும் ஒரே தராசில் ஏறாது, நாங்கள் செய்தது சரி என்று இருவர் சொல்கிறோம். பிழை என்று சொல்பவர் காட் இல்லாமலிருந்தவர். "என்ரை பேரைச் சொல்லி நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்கிறார். அவரும்தானே சொன்னார் என்றால், "அது வேறை" என்கிறார்.

பத்ரோனை மட்டும் திட்டி முடித்துவிடவும் முடியவில்லை. ஊரில் எங்கள் வீடுகளுக்குக் கள்ளுக் கொண்டுவந்தவர், விடியக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்வார். எந்தப் பனையின் கள் என்று நாக்கில் பட்டதும் சொல்வார். இங்கே அவருக்குச் சொம்மெலியே என்று பெயரும் கறுப்புக் கோட்டும் கிடைத்திருக்கும். அங்கே அவருக்குக் கிடைத்தது முற்றத்து ஓரமும் சிரட்டையில் தண்ணீரும். அவரிடம் கள்ளு வாங்கிக் குடித்த எங்கள் பெரியவர்கள் அவருடைய அபிப்பிராயத்தை ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தோம்.

இப்போது மூவருக்கும் காட் இருக்கிறது. போன திங்கள் மதிரான் ஒன்றும் சேர்த்து ஐந்து போத்தல். மூன்றாவது சொக்ஸை மணந்துவிட்டு அவர், "இது பழுது, சாக்கு மணக்குது" என்றார். மற்ற இருவருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. சொக்ஸைக் கழற்றினால் திருகுமூடி. தக்கையே இல்லை! வயிறு நோகச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பீப்பாயிலும் நிலவறையிலும்கூட அந்தக் கெடுதி பிடிக்கும் என்று எங்கோ வாசித்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஊற்றாமல் மூடி யன்னலோரம் வைத்தோம், செவ்வாய் விடிய வேலைக்குப் போகமுன் இன்னொருக்கால் மூன்று பேரும் மணந்து பார்ப்பதென்று.