இளைப்பாற்றும் இல்லம்

சிவமயம்



இறைவன் ஆற்றும் ஐந்தொழில்களுள் சங்காரம் என்பதனைக் கேட்ட மாத்திரத்தே உலகர் அஞ்சுவர். நம் சித்தாந்த நூல்களோ, பிறந்தும் இறந்தும் உழன்று இளைத்த உயிர்களுக்கு அவ்விளைப்பு நீங்குதற்பொருட்டு இறைவன் அளிக்கும் ஓய்வே சங்காரம் எனத் தெளிவுறுத்தும். சிவஞான சித்தியாரின் கருத்தும் இதுவே. ஓய்வு பெற்ற உயிர்களை அவன் மீளவும் தநு கரண புவன போகங்களோடு கூட்டித் தொழிற்படுத்துவான். ஆகலின் இளைப்பாற்றுதல் சோம்பர்க்கு இடங்கொடுத்தலன்று. அருட்செயல்களுள் ஒன்றென அறிக.

இவ்வுண்மையை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மூளை முடக்குவாதத்தாற் கைகால் வசப்படாத குழந்தையை நம் ஊர்களிற் பெரும்பாலும் தாயொருத்தியே தாங்குகின்றாள். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுகச் சிறுக ஊட்டாக்கால் உணவு மூச்சுக்குழலிற் புகும். இரவிற் புரட்டிப் படுக்கவையாக்கால் உடம்பிற் புண் உண்டாகும். குழந்தை வளருந்தோறும் பாரம் மிகும்; தாய்க்கோ ஆண்டுதோறும் வலிமை குன்றும். அவள் நோயுற்றால் அவளிடத்தை ஏற்பார் இல்லை. உடன்பிறந்த சிறார்களும் அவள் ஒருகணம் தம்மைப் பார்ப்பாளோ எனக் காத்திருப்பர்.

நம் முன்னோர் பெருவழிகளிற் சுமைதாங்கிக் கல் நாட்டினர். அது வழிப்போக்கனது சுமையைக் குறைப்பதன்று, பறிப்பதுமன்று. பிறர் கைதாராமலே இறக்கிவைத்துச் சிறிது நின்று, மீளத் தலையிலேற்றிச் செல்லுதற்கு இடந்தருவது. இளைப்பாற்றும் இல்லமும் அத்தன்மைத்தே. சின்னாள் குழந்தையை ஏற்றுப் பேணிப் பெற்றோரை உறங்கச் செய்து, மீளவும் அவர் கையில் ஒப்புவிப்பது அது. குழந்தையைக் கைவிடுதற்கன்று, கைவிடாமைப்பொருட்டே அது வேண்டப்படுவது.

ஆங்கில நாட்டு ஆக்ஸ்போர்டு நகரில், ஒரு கன்னிமாடத்துத் தோட்டத்தே 1982-ஆம் ஆண்டில் ‘ஹெலன் ஹவுஸ்’ என்னும் இல்லம் திறக்கப்பெற்றது. ஆயுளைக் குறுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கென உலகில் முதன்முதல் எழுந்த இல்லம் அது. அக்கன்னிமாடத்துத் தலைவியார் கடும்பிணியுற்ற சிறுமி ஒருத்தியை அவ்வப்போது சில நாள் தம்மிடம் வைத்துப் பேணி, அவள் பெற்றோர்க்கு ஓய்வளித்தமையே அதற்கு வித்தாயிற்று. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையும் ‘சமர்த்’ என்னும் பெயரால் இத்தகைய இல்லங்கட்குத் திட்டம் வகுத்தது. அரசு வழிகாட்டும்; கல் நாட்டுவார் ஊரவரே ஆதல் வேண்டும்.

“பிராரத்தம் நுகர்ந்தே கழியற்பாலது, அதனிடை நாம் புகுதல் தகுமோ?” என்பாரும் உளர். அவர் கூற்றுச் சித்தாந்தமன்று. வினை சடமாகலின் தானே சென்று பொருந்தாது; கூட்டுவோன் இறைவன். பிணியைக் கூட்டியவாறே மருந்தையும் மருத்துவனையும் அண்டை வீட்டானையும் கூட்டுவோன் அவனே. பிறரது வினைக்கணக்கைப் படிக்குங் கண் நமக்கில்லை; எதிர்நிற்கும் கடமையைக் காணுங் கண் உண்டு. மேலும், உடம்பு கருவியேயன்றி ஆன்மாவன்று. கருவி குறையுடைத்தாதல் பற்றி ஆன்மாவை இழித்தெண்ணுதல் ஆணவத்தின் செயலே. பிறவியிலேயே கண்ணில்லாத தண்டியடிகள், திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டியகாலை, நட்ட தறியிற் கட்டிய கயிற்றைத் தடவிச் சென்றே மண் சுமந்தார். அவர்க்கு வேண்டியிருந்தது இரக்கமன்று, கயிறே.

இவ்வில்லம் ஊர்ப்புறத்தே ஒதுங்கி நிற்றல் தகாது. கோயிலும் பள்ளியும் அருகிருத்தல் நன்று. வாயிற்படிக்கு மாறாக 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளமேனும் உடைய சரிவு, சக்கர நாற்காலி புகும் அகன்ற கதவு, பெற்றோர் விரும்பின் உடன்தங்க அறை, உடன்பிறந்தார் விளையாட முற்றம் என்பன வேண்டும். இவற்றினும் முதன்மையாவார், குழந்தை எதற்கு அழும், எப்பக்கம் படுப்பின் உறங்கும் என்பவற்றைத் தாயிடம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பணியாளரே. அவரில்வழித் தாய்க்கு உறக்கம் வாராது. அவள் உறங்காளாயின் இல்லம் கட்டியும் பயனில்லை.

திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் அன்பர்காள்! இதுவும் திருப்பணியே. ஓரறையும் இரண்டு கட்டிலும் கொண்டு தொடங்குதல் கூடும். அஃது எழுமளவும், உம் தெருவிலுள்ள அத்தகைய வீட்டிற்கு ஒரு மாலைப்பொழுது சென்று, குழந்தையின் அருகிருந்து தாயை உறங்கச் செய்ம்மின். அவள் கண்ணயரும் அப்பொழுதில் இறைவனது அருட்டொழில் அவ்வீட்டில் நிகழ்வதாம்.

திருச்சிற்றம்பலம்.