உருவம் மறைந்த ஊன்

ஓர் உயிரைத் தன் கையால் கொல்லாமலும், பிறர் கொல்வதைக் காணாமலும் அதன் ஊனை உண்பவருக்கு அந்தக் கொலையில் பங்கு உண்டா என்பது இந்தியச் சமயங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாதிட்டு வந்த கேள்வியாகும். ஜப்பானியரின் ‘கட்சு பர்கர்’ போன்ற உணவு அந்தப் பழைய கேள்விக்குப் புதிய கூர்மையைத் தருகிறது. பன்றியின் முதுகுத் தசையை எலும்பு நீக்கி, தட்டித் தட்டையாக்கி, மாவிலும் அடித்த முட்டையிலும் தோய்த்து, ‘பாங்கோ’ எனப்படும் பருமனான ரொட்டித்தூளில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் முழுக்கிப் பொரித்து, மெல்லிதாகச் சீவிய முட்டைக்கோசும் இனிப்பும் புளிப்பும் கலந்த கரிய சாஸும் சேர்த்து பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். கோழியிலும் இதே முறையில் செய்வதுண்டு. உண்பவர் கையில் இருப்பது பொன்னிறமான ஒரு வட்டம் மட்டுமே. தோல், எலும்பு, நரம்பு என்று ஓர் உயிரை நினைவூட்டக்கூடிய எதுவும் அதில் எஞ்சுவதில்லை.

இவ்வுணவு பிறந்த நாடு நெடுங்காலம் ஊன் மறுப்பை அரச நெறியாகக் கொண்டிருந்தது என்பது கவனத்துக்குரியது. பௌத்தத்தின் செல்வாக்கால் தென்மு பேரரசர் 675ஆம் ஆண்டில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். மானும் காட்டுப்பன்றியும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அது முழுமையான விலக்கு அன்று. எனினும் நாற்கால் விலங்கின் ஊன் தீட்டு என்னும் உணர்வு அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வேரூன்றி நின்றது. மெய்ஜி பேரரசர் 1872இல் வெளிப்படையாக மாட்டிறைச்சி உண்டதும், மேலைநாட்டுச் சமையல் நாகரிகத்தின் அடையாளமாக மாறியது. டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள ரெங்காதெய் உணவகம் 1899இல், இந்த பர்கருக்குள் வைக்கப்படும் பன்றிக் கட்லெட்டை அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஊனைக் கண்டு கூசிப் பழகிய ஒரு சமூகத்துக்குள், ஊனின் தோற்றத்தை முற்றிலும் மூடிய ஓர் உணவு எளிதில் இடம்பெற்றதில் வியப்பில்லை.

உண்பவரின் பொறுப்பு குறித்துப் பௌத்தம் தந்த தொடக்ககால விடை, மூவகைத் தூய்மை என்னும் கோட்பாடாகும். தனக்காகவே அந்த விலங்கு கொல்லப்பட்டதைத் துறவி காணாமலும் கேளாமலும், அவ்வாறு ஐயுறாமலும் இருந்தால், பிச்சையாக வந்த ஊனை ஏற்கலாம் என்று பாலி மொழியிலுள்ள ஜீவக சுத்தம் கூறுகிறது. பிச்சைப் பாத்திரத்தில் விழுந்ததை உண்ணும் துறவிக்கு இது பொருந்தக்கூடும்; விலை கொடுத்து வாங்குபவருக்குப் பொருந்தாது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது: வாங்கித் தின்பவர் இல்லையெனில் விற்பதற்காகக் கொல்பவரும் இருக்கமாட்டார் என்று வாதிட்டு, கொலையின் காரணத்தைக் கொல்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு அது நகர்த்துகிறது. அதே அதிகாரம் புலால் என்பது வேறோர் உடலின் புண் என்று உணரவும் சொல்கிறது. ரொட்டித்தூள் போர்த்த கட்லெட்டில் இல்லாமற்போவது இந்த உணர்தல்தான்.

இக்கேள்வியை மேலும் ஆழமாகத் துருவியவர்கள் சமணர்கள். கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் நிலத்தின் நடுவே எழும் கழுகுமலை, 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியில் அவர்களுடைய பெரும் மையமாக விளங்கியது. பாறைச் சரிவில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அங்கே ஆண் துறவியரோடு குரத்தியர் என்று அழைக்கப்பட்ட பெண் ஆசிரியர்களும் இருந்ததைக் காட்டுகின்றன. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட ஒரு நெறி, கம்பும் சோளமும் பருத்தியும் விளைந்த, மழைக்கு ஏங்கும் இந்த மண்ணில் கல்லில் நிலைபெற்றிருந்தது என்பது இப்பகுதி வரலாற்றின் பெருமைகளுள் ஒன்று.

சமணம் இம்சையை இரண்டாகப் பகுத்துப் பார்க்கிறது: உடலளவில் நிகழும் கொலை ஒன்று, உள்ளத்தில் எழும் கொலை நோக்கம் மற்றொன்று. இப்பகுப்பை உணர்த்த, ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை. உயிர்ப்பலி கொடுக்க மறுத்த யசோதரன், தாயின் வற்புறுத்தலால் மாவினால் செய்த ஒரு கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். ஓர் உயிரும் சாகவில்லை, எனினும் அச்செயலின் வினையால் தாயும் மகனும் மயில், நாய் முதலிய விலங்குப் பிறவிகளில் உழல்கிறார்கள். மாக்கோழியில் உயிர் இல்லை, உருவம் இருந்தது. கட்லெட்டுக்கு உயிர் கொடுத்த விலங்கு உண்டு, உருவம் இல்லை. முன்னதே வினையைத் தரும் என்றால் பின்னதை எப்படி மதிப்பது?

தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல், கவனமின்மையோடு கூடிய செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்று வரையறுக்கிறது. இவ்வரையறையின் வலிமை, மறதியையே குற்றத்தின் உறுப்பாக்குவதில் உள்ளது. கட்லெட்டை உண்பவர் உள்ளத்தில் கொல்லும் நோக்கம் இல்லை என்பது உண்மையே. ஆனால் நோக்கம் எழவே வேண்டாத அளவுக்கு அந்த உயிர் அவருடைய நினைவிலிருந்து அகற்றப்பட்டுள்ளது. இதனை நிரபராதம் என்று கொள்ள முடியாது. கொலைக்கு ஏற்பட்ட மிக வசதியான வடிவம் என்றே கொள்ள வேண்டும்.

கரிசல் கிராமங்களின் குலதெய்வக் கொடைகள் இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கின்றன. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா வீட்டுப் பிள்ளைகளோடு வளர்கிறது. கொடை நாளில் அதன்மேல் தண்ணீர் தெளித்து, அது உடலை உதறிச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கொண்டு, ஊரார் முன்னிலையில் வெட்டுகிறார்கள். கறியைப் பங்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சிலிர்ப்பை ஆட்டின் இசைவாகக் கொள்வதற்கு அறிவு இடந்தராது. கிடாவின் வலியும் கூட்டத்தின் பக்தியால் குறைவதில்லை. ஆயினும் உத்தரவு கேட்க வேண்டும் என்னும் தயக்கமே, எடுக்கப்படுவது ஓர் உயிர் என்பதை அங்குள்ளவர்கள் அறிந்திருப்பதற்குச் சான்று. விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் தமிழ்நாட்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் 2004இல் நீக்கப்பட்டது. கோயில் வாசலில் வெட்டுவதைத் தடுத்த அச்சட்டம், கண்மறைவில் வெட்டி விற்பதைத் தொடவில்லை. இம்சையைவிட அதன் காட்சியே சட்டத்தை உறுத்தியது என்று கருத இடமுண்டு.

உண்ணப்படும் உயிரை நினைவிலிருந்து அகற்றும் மறதியை ஜப்பானியரும் முற்றிலும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அங்குள்ள பல இறைச்சிக்கூடங்களில் கொல்லப்பட்ட கால்நடைகளின் ஆவிக்கு நினைவுக்கற்கள் நடப்பட்டுள்ளன. ‘குயோ’ எனப்படும் நீத்தார் வழிபாடு அங்கே விலங்குகளுக்கும் செய்யப்படுகிறது. ஆனால் அக்கல் நிற்பது தொழிலாளர் முன்னால். பன்னைக் கடிப்பவர் அதைப் பார்ப்பதில்லை. கொல்லும் வேலையைச் செய்பவரே வருத்தத்தையும் சுமக்க வேண்டியிருப்பது நீதியன்று.

கோவில்பட்டி வட்டாரப் பேக்கரிகளில் விற்கும் வெஜிடபிள் கட்லெட்டும் ஊனின் வடிவத்தைக் காய்கறியில் எடுப்பதால் ஒரு மாக்கோழிதானா என்ற ஐயம் இங்கே எழலாம். அவ்வாறு கொள்வது பொருந்தாது. யசோதரனின் கோழி வெட்டப்படுவதற்கென்றே கோழியாகச் செய்யப்பட்டது. வெஜிடபிள் கட்லெட்டோ எந்த உயிரின் சாயலையும் தாங்கவில்லை, அதை வெட்டும் எண்ணமும் யாருக்கும் இல்லை. எனினும் விரதத்தைக் கடுமையாகக் காக்கும் சமணர் அதையும் மறுப்பார்; அதிலுள்ள உருளைக்கிழங்கு மண்ணுக்கடியில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒன்றாய்க் கூடி வாழும் உடல் என்பதும், அதைத் தோண்டி எடுக்கும்போது அவை அனைத்தும் மடிகின்றன என்பதும் அவர்கள் கொள்கை.