இல்லாமையா, மறைப்பா?

உயிரின் அறியாமை என்பது அறிவு இல்லாததுதானா, அல்லது அறிவை மறைத்து நிற்கும் தனிப் பொருளா? நியாய தரிசனத்தார் இருளையே ஒளியின் இன்மை என்று முடித்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் உள்பொருளே என்றது. அதற்கு வழிவழியாகச் சொல்லும் உவமைகள் நெல்லின் உமியும் செம்பின் களிம்பும். நிருபதுங்கவர்ம பல்லவன் 9ஆம் நூற்றாண்டில் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்துச் செப்பேடு வெட்டிய பாகூர், இன்றும் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அங்கே நின்று இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தமே.

புழுங்கலரிசிக்கு நெல் அவிக்கும் பாய்லரில் எரிவது பெரும்பாலும் உமிதான். அந்த பாய்லரின் நீராவியைக் கொண்டு குளிரையும் உண்டாக்கலாம்; இருளைப் போலக் குளிரும் இன்மைதானா என்று அதில் பார்க்கலாம். காற்று நீக்கிய கலத்தில் தண்ணீர் சுமார் 5 டிகிரியிலேயே கொதித்து, சுற்றியுள்ள வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அந்த ஆவியை லித்தியம் புரோமைடு கரைசல் உறிஞ்சும். பாய்லர் நீராவியின் சூடு கரைசலைக் காய்ச்சி மீண்டும் தண்ணீரைப் பிரிக்கும். இங்கே யாரும் குளிரை ஊட்டவில்லை, வெப்பத்தை அப்புறப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். ஆக, குளிர் வெறும் இன்மை. இதுவரை நியாயத்தார் பக்கமே வலுவாக இருக்கிறது.

ஆனால் அதே பாய்லரின் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் படிவைப் பாருங்கள். எஃகோடு ஒப்பிட்டால் அது வெப்பத்தைக் கடத்துவது பல மடங்கு குறைவு. அடுப்பு நன்றாகத்தான் எரியும். ஆவி மட்டும் ஏறாது, புகைபோக்கியில் சூடு கூடும். இன்னும் உமியைக் கொட்டினால் தண்ணீருக்குப் போக வேண்டிய வெப்பம் குழாயிலேயே தங்கி, கடைசியில் குழாய் உப்பி வெடிக்கும். குளிர்ந்ததற்கு வெப்பம் கொடுத்தால் குளிர் தீரும். படிவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தீராது, அதைச் சுரண்டியோ கரைத்தோதான் எடுக்க வேண்டும். சித்தாந்தம் சொல்லும் மலம் இந்த இரண்டாம் வகை. போதனையைக் கூட்டிக்கொண்டே போனால் அறியாமை நீங்கிவிடும் என்று நம்புவோர் அடுப்பில் மேலும் உமி போடுகிறார்கள். உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இருள்மலநிலை என்று தனி அதிகாரமே வகுத்தார். இருள் மற்றதை மறைத்தாலும் தன்னைக் காட்டும், மலமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. வெளியே நின்று தீயைப் பார்க்கிறவருக்குக் குழாயின் உட்புறம் தெரிவதில்லை.

எந்திரத்தைக் காட்டி உயிரின் இயல்பை நிறுவ முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஆனால் குறை எல்லாமே இல்லாமைதான் என்ற பொது விதியை உடைக்க ஒரே ஒரு எதிர்ச்சான்று போதும். அதற்கு மேல் நான் இதில் எதையும் ஏற்றவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் சித்தாந்தத்துக்கு உள்ளிருந்தே வரும். படிவு தண்ணீரோடு வந்து சேர்ந்தது. ஆணவமோ உயிரோடு அநாதியாக இருக்கும் சகச மலம். இந்த ஆட்சேபம் நியாயமானது. வந்து ஒட்டும் படிவுக்கு மற்ற இரு மலங்களான மாயையும் கன்மமுமே நெருக்கமான ஒப்பு. ஆணவத்துக்கு உமியிடமே திரும்ப வேண்டும். அது வெளியிலிருந்து ஒட்டியதல்ல, மணி உண்டானபோதே உடன் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவித்தால், உள்ளே மாவு வெந்து உப்பும்போது உமி தானே வாய்விடும். அதன்பின் அரைவையில் அரிசி அவ்வளவாக உடையாது. அவிக்காமல் குத்தினால் உமியோடு அரிசியும் கூடுதலாக நொறுங்கும். மலபரிபாகம் என்று சித்தாந்தம் சொல்வது இப்படிப்பட்ட பக்குவத்தைத்தான்: ஆணவம் அழிவதில்லை, அதன் மறைக்கும் சக்தி ஒடுங்குகிறது. அவித்தபின் பிரிந்த உமியும் உமியாகவே இருக்கிறது. அடுத்த நெல்லை அவிக்க அதைத்தான் பாய்லரில் போடுகிறார்கள்.