ஆள்காட்டி

பெரும்பாக்கம் ஏரிக்கு நான் முதன்முதலில் போனது பறவைகளுக்காக இல்லை, லென்ஸுக்காக. மேற்குத் தாம்பரத்தில் ஒருவரிடம் டாம்ரான் 150-600 செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். எட்டு மாசச் சேமிப்பு. 600 மி.மீ. என்றாலே பல லட்சம் என்றிருந்த காலத்தில், 2013 கடைசியில் அந்த நிறுவனம் இதை அறிவித்தது. பின்னாலேயே சிக்மாவும் நிக்கானும் இந்த வகையில் இறங்கின. கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அரை மணி நேரம் தூக்கிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். ஆனாலும் மாசச் சம்பளக்காரன் ஒருத்தன் நீலத் தாழைக்கோழியின் சிவந்த கண்ணைப் பார்க்க முடிந்தது இதனால்தான்.

கணக்கு எளிமையானது. 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12. சாதாரண 50 மி.மீ. லென்ஸோடு ஒப்பிட்டால், 120 மீட்டர் தள்ளி இருப்பவர் 10 மீட்டரில் இருப்பதுபோல் தெரிவார். அவருக்கு மட்டும் நான் 120 மீட்டரிலேயே இருப்பேன். இந்தக் கணக்கின் இரண்டாவது பாதியை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை.

மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறேன். காலை ஆறரை மணி. எதிர்க்கரையில் ஒரு பெரியவர் தனியாகக் குந்தியிருந்தார். தோளில் பச்சைத் துண்டு. துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்து ஃபோகஸ் செய்தேன். அழுதுகொண்டிருந்தார். விரல் தன்பாட்டுக்கு ஷட்டரை அழுத்தியது. ஒன்பது படங்கள்.

அன்றைக்கு ராத்திரியே இன்ஸ்டாவில் போட்டேன். ‘செம மொமென்ட் ப்ரோ’ என்று வந்து குவிந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஏரிக்குப் பக்கத்து டீக்கடையில் அதே பச்சைத் துண்டு. பெருமையாகப் போய் செல்போனை நீட்டினேன். “ஐயா, இது நீங்கதானே?”

வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை. “யாரும் இல்லன்னுதானே தம்பி அங்க போயி குந்துனேன்” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை அழித்தேன். அந்த வாக்கியத்தை அழிக்க முடியவில்லை.

எனக்குச் சாதகமாக நிறைய வாதங்கள் இருந்தன. பொது இடம்தானே? அவருக்கு என்ன நஷ்டம்? நான் காட்டியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்தே இருக்காதே? வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கேமராவைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்து எதிர் சீட்டுக்காரர்களை எடுத்தார்; இன்று அது கலை. ஆனால் அவரும் அந்தப் படங்களைப் புத்தகமாக்க 1966 வரை ஆனது. இத்தனை வருஷம் கழித்து வந்தால் முகங்கள் மாறியிருக்கும். நான் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கவில்லை.

‘தெரியாமல் எடுத்தால் தொந்தரவு இல்லை’ என்பது பறவைகளிடம் கற்ற பாடம். அங்கே அது சரிதான். கூட்டுக்குக் கிட்டே போனால் தாய்ப்பறவை எழுந்து போகும், முட்டை வெயிலில் கிடக்கும். அதனால் தள்ளி நிற்பதுதான் மரியாதை. பறவை தன்பாட்டுக்கு இருந்தால் நாம் தப்பு பண்ணவில்லை என்று அர்த்தம். இந்த அளவுகோலை அப்படியே மனிதர்மேல் வைத்ததுதான் என் பிழை. அவர் தன்பாட்டுக்கு இருந்ததே, தனியாக இருக்கிறோம் என்று நம்பியதால்தான். நான் எடுத்தது அந்த நம்பிக்கையை.

மா. கிருஷ்ணனை (1912-1996) நினைத்துக்கொள்கிறேன். மாதவையாவின் மகன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயர் வைத்துக் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். யானையின் படம் வேண்டுமென்றால் அவர் யானைக்குக் கிட்டே போயாக வேண்டும். அந்தக் கிட்டத்துக்கு ஒரு விலை இருந்தது: யானையும் அவரைப் பார்க்கலாம், துரத்தலாம்.

கிட்டே இருப்பதென்றால் அப்படித்தான். அந்தப் பெரியவர் நிஜமாகவே பத்து மீட்டரில் அழுதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? “என்னாச்சுங்கய்யா?” என்று கேட்டிருப்பேன். இல்லை, கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்திருப்பேன். இரண்டில் எதுவானாலும் மனுஷத்தனம். நின்று ஒன்பது படம் எடுத்திருக்க மாட்டேன். லென்ஸ் அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தது. கிட்டே இருப்பவனுக்கு உள்ள கடமையை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டது.

லென்ஸை விற்கவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஃபிரேமில் மனிதர் வந்தால் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். பெரும்பாலும் படம் கெட்டுப்போகிறது. ஒரு மீன்பிடிக்காரர் வலையைக் கீழே போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். ஒரு லைக்குக்கும் தேறாது. வைத்திருக்கிறேன்.

ஏரிக்கரைப் பொட்டலில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி, நான் வண்டியை விட்டு இறங்கும்போதே கத்தத் தொடங்கிவிடும். முன்பெல்லாம் எரிச்சலாக வரும். ஆள் வருகிறான் என்று சொல்ல ஏரிப் பறவைகளுக்கு ஒரு குருவி இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெரியவருக்குச் சொல்ல யாருமில்லை. நானே சொல்லியிருக்க வேண்டும்.