தர்மத்திற்காகக் குலுக்கல் சீட்டு கூடுமா?



"மதரஸாவுக்குக் கூரை போட வேண்டும், ஏழைக் குமர் ஒன்றைக் கரையேற்ற வேண்டும். பத்து ரூபாய்ச் சீட்டு விற்று ஒரு சைக்கிளைப் பரிசாக வைத்தால் என்ன? மிச்சம் முழுவதும் தர்மத்திற்குத்தானே!" என்று மாப்பிள்ளையூரணி, தூத்துக்குடி வட்டார இளைஞர்கள் நம்மிடம் கேட்கின்றனர். நிய்யத் நல்லதே. ஆனால் நல்ல நிய்யத்தால் ஹராம் ஹலாலாகி விடாது.

ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுப்பார்கள். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வார். வெற்று அம்பு வந்தவர் விலையைச் சுமப்பார். குர்ஆன் விலக்கிய மைஸிர் இதுவே என்பர் தஃப்ஸீர் ஆசிரியர்கள். ஏழைக்குக் கிடைத்த பலனை அல்லாஹ் மறுக்கவில்லை. சூதில் சில பலன்கள் உண்டு, பாவமோ அதனினும் பெரிது என்று பகரா அத்தியாயம் 219-ஆம் வசனத்தில் உணர்த்தி, மாயிதா 90-ஆம் வசனத்தில் முற்றிலும் விலக்கி விட்டான். ஆகவே, "தர்மத்திற்குத்தானே" என்ற வாதத்திற்கு அன்றே பதில் வந்துவிட்டது.

அப்படியானால் சீட்டுக் குலுக்குவதே ஹராமா? இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் உடன் வரும் மனைவியைச் சீட்டெடுத்தே தேர்ந்தார்கள். அதில் யாரும் பணம் இழக்கவில்லை. பணம் கட்டியவருள் ஒருவருக்கு ஆதாயம், மற்றவருக்கு நஷ்டம் என்று குலுக்கல் தீர்மானித்தால்தான் அது சூது. சைக்கிளைக் கடைக்காரர் இலவசமாகத் தந்தாலும், அதை எதிர்பார்த்துச் சீட்டு வாங்கியவரின் பத்து ரூபாய் பந்தயப் பணமே.

பன்னிரண்டு பெண்கள் மாதம் ஐந்நூறு போட்டு, முறையை மட்டும் குலுக்கி, ஒவ்வொருவரும் ஒருமுறை முழுத்தொகை பெறும் சீட்டில் குற்றமில்லை; அதில் எவருக்கும் நஷ்டமில்லை. செல்வந்தர் ஒருவர் தம் பணத்தில் சைக்கிள் வாங்கி, பத்து ஏழை மாணவருள் ஒருவருக்குக் குலுக்கிக் கொடுப்பதும் கூடும்.

முத்துக் குளித்த கரையினருக்கு இது எளிதில் விளங்கும். இன்னும் மூழ்காத மூழ்கில் வரப்போவதை முன்கூட்டியே விற்பது கூடாதென்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமாயினும், அந்த வியாபாரம் கூடாதென்றே ஃபுகஹாக்கள் கூறுகின்றனர்.

நாட்டு நலனுக்கென 1968-ல் தமிழக அரசு பரிசுச் சீட்டு தொடங்கியது. கூலித் தொழிலாளரின் அடுப்புகளை அணைத்த பின், 2003-ல் லாட்டரி விற்பனைக்கே இங்கு தடை வந்தது. அனுமதியின்றி லாட்டரி நடத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 297-ஆம் பிரிவின்படியும் குற்றம்.

சீட்டு விற்றாகி விட்டதா? குலுக்காமல் நிறுத்தி, பணத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். அவரே மனமுவந்து ஸதகாவாகத் தந்தால் வாங்கிக் கொள்ளலாம். உரியவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிடில், நமக்கு நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து விட வேண்டும்.

பிடியரிசி இருக்கிறது, உண்டியல் இருக்கிறது, மாதம் ஒருநாள் வருமானம் இருக்கிறது. கூரை மெதுவாக எழட்டும், ஹலாலாக எழட்டும். அல்லாஹ் தூய்மையானவன், தூயதையே ஏற்பான். அத்தகைய தர்மத்திற்கு அவன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.